வண்டிப்பாதை, புல எண் 114

மேலத்தெரு முடியும் இடத்தில் ஊர் முடிந்துவிடுகிறது.
அதற்கப்பாலும் வீடுகள் உண்டு.
கண்டக்டர் கேட்கிறார்: ஊருக்கா, காலனிக்கா?
டிக்கெட் ஒரே விலை.

புலப்படம், ஏ பதிவேட்டு நகல், சங்கிலி,
சங்கிலி பிடிக்கத் திருமேனி.
மாசி வெயில். அறுத்த தாளுக்கிடையே
உளுந்து இரண்டிலை விட்டிருந்தது.

பெரியவீட்டு சௌந்தரராஜன்
திருமேனியைப் பார்த்துக் கும்பிட்டார்:
“சர்வேயர் சார், வாங்க.”
திருமேனி என் பக்கம் கை காட்டினார்.
அந்தக் கும்பிடு
நடு வழியில் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு விசாரிப்பு.
“எந்த ஊரும்மா?”
கோட்டூர் பக்கம்.
“கோட்டூர்ல எந்தத் தெரு?”

தெருவின் பெயர் போதும்.
மற்றதைச் சங்கிலி இல்லாமலே
அளந்துகொள்வார்கள்.
கீழத்தெரு என்றேன்.

திருமேனிக்கு எவர்சில்வர் டம்ளரில் மோர்.
எனக்கு இளநீர்.
மரியாதையான பானம் அது,
குடித்த பின் கழுவ வேண்டியதில்லை.

குடிக்கவில்லை.
கோபம் என்று நினைத்தார்.
கோபமும்தான்.
ஆனால் விடிந்ததிலிருந்தே நான் தண்ணீர் தொடவில்லை.
இந்தப் பக்கத்தில் வேலி என்றால் முள் இல்லை, பரப்பு.
இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி.
அப்படி ஏழு வேலி வெட்டவெளி.
ஆணுக்கு எந்த வரப்பும் மறைவு.
எல்லாவற்றையும் அளக்கத் தெரிந்த எனக்கு
ஒதுங்க ஒரு ஒதியமரம்கூட அதில் இல்லை.

மனு அவர் கொடுத்ததுதான்:
பக்கத்துக்காரன் வரப்பைத் தின்றுவிட்டானாம்,
கல் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.
முதல் கல் இருந்தது.
மூன்றாவது சாய்ந்திருந்தது, ஆனால் இருந்தது.
ஐந்தாவதைப் படம்
வைக்கோல் போருக்கு அடியில் காட்டியது.

“அங்க ஒண்ணும் இல்ல,”
என்றார் சௌந்தரராஜன்,
நான் கேட்பதற்கு முன்பே.

திருமேனி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்,
பிறகு வெகுநேரம் மண்வெட்டியைப் பார்த்தார்.
நான் போரின் ஓரத்தில் கை வைத்ததும்
வெட்டத் தொடங்கினார்.

முக்கால் அடி ஆழத்தில் கல்.
தலையில் அம்புக்குறி, அதன் பள்ளத்தில் ஈரமண்.
படத்தில் அங்கிருந்து இரண்டு புள்ளிக்கோடுகள்
கிழக்கே போகின்றன, காலனியைத் தொட்டு,
சுடுகாடு வரை.
வண்டிப்பாதை. அகலம் பதினாறு அடி.

பதினாறு அடியிலும் உளுந்து நின்றது.
அதற்கு ஒன்றும் தெரியாது.

வாய்க்கால் மேட்டில் நாலு பெண்கள் குந்தியிருந்தார்கள்,
புல் அறுக்க வந்தவர்கள் மாதிரி.
போன ஐப்பசியில் முட்டிச் சேற்றில்
மாரிக்கண்ணுவைத் தூக்கிப் போனவர்களின் பெண்டுகள்.
நடவு மிதிபட்டதற்கு அபராதம்
ஆயிரத்து இருநூறு.
ரசீது மாரிக்கண்ணு பேரில்.

தாசில்தாருக்குப் போன் போயிற்று.
“அம்மா புதுசு போலிருக்கு,”
எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.
போர்வெல் ஷெட்டுக்குள் போனார்கள் இருவரும்.
திருமேனி வெளியே வரும்போது
என் கண்ணைப் பார்க்கவில்லை.
ஆனால் சங்கிலியைச் சுத்தமாகத் துடைத்துச் சுற்றினார்.

நாலரை மணிக்கு, பக்கிரியம்மாள் வீட்டுக்குப் பின்னால்:
தகரக் கதவு,
தாழ்ப்பாளுக்குப் பதில் சைக்கிள் டியூப்,
ஒரு வாளித் தண்ணீர்.
கதவைப் பிடித்தபடி அவர் வெளியே நின்றார்.
எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

“கல்லு அம்புட்டுச்சா?”
அம்புட்டுச்சு.
“அப்ப பாதை வந்துரும்?”

பத்து மணி நேரம் அடக்கியதை
விட்டுக்கொண்டிருந்தேன்.
பதில் சொல்லவில்லை.

வெளியே வந்து செம்பு கேட்டேன்.
முதல் செம்பு நின்றபடி,
இரண்டாவதை உட்கார்ந்து.

அறிக்கை பஸ்ஸில் எழுதியது, எழுத்து ஆடியிருக்கும்:
ஐந்தாவது கல் உள்ளது.
பாதை உள்ளது.
பாதையில் பயிர், உளுந்து.